இரும்பின் மேல் ஒரு சர்க்கரைச் சட்டை

வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி இருபத்திரண்டு நிமிடம். அப்போதுதான் என் மகளின் கையோடு சேர்த்துக் கட்டியிருந்த குழாயின் திருகைச் சிஸ்டர் திறந்துவிட்டார். பாட்டிலில் இருந்தது கறுப்புக் காப்பி நிறத்தில் ஒரு மருந்து. நிமிடம் வரைக்கும் எனக்கு நினைவிருக்கக் காரணம், நான் அந்த நேரத்தில் மகளையும் பார்க்கவில்லை, மருந்தையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் மருந்து ஏற ஆரம்பித்துவிட வேண்டும் என்று கேட்டது நான்.

கேட்டது என்று எழுதுவதுகூடச் சரியில்லை. வற்புறுத்தினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீடு திருத்தணியில். ஒரே மகளைப் பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் என்று வளைகாப்புக்கு அழைத்துவந்தபோது அவள் முகத்தைப் பார்த்து என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். உதடு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சையாக அள்ளி மென்றாள். கேட்டதற்கு, மாமியார் வீட்டில் தறிப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி காய்ந்து உதிர்வதைக்கூடப் பொறுக்கித் தின்றதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் நான்கு கட்டில் போட்ட ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருந்தது. அதை நடத்திய டாக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும், மகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் பரிசோதித்தார்கள்.

"இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்குது. இந்த ரத்தத்த வெச்சிகினு பிரசவத்துக்குப் போனா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பேத்துக்க முடியாது" என்றார்.

மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கிய அரை மணியில் வெளியே வந்தது. டானிக் கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. இரண்டு வாரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா, இரும்பை நேராக ரத்தத்திலேயே ஏற்றிவிடலாம், ஒரே நாள் வேலை என்று ஒரு மருந்தை எழுதிக்கொடுத்தார். திருத்தணியில் கிடைக்கவில்லை. லீவு போட்டு ரயிலேறி மெட்ராஸ் போய் நானே வாங்கிவந்தேன். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தார்கள். பொடி எழுத்து, இங்கிலீஷ். எங்கள் சோதனைக் கூடத்துப் பூதக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து வியாழக்கிழமை சாயங்காலம் முழுவதும் படித்தேன். படித்ததில் எனக்கு ஒரு ஆச்சரியம் இருந்தது. அந்த மருந்தின் மேல்பூச்சு, ஆலையில் தினமும் நான் மல்லுக்கட்டும் அதே பொருள்.

வெட்டிய கரும்பு வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் சாறு கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு கிருமி சர்க்கரையைத் தின்று பிசின் ஒன்றைப் போடுகிறது. டெக்ஸ்ட்ரான் என்று பெயர். அது வந்துவிட்டால் வடிகட்டும் துணி அடைத்துக்கொள்ளும், பாகு சர்க்கரை மணியாகக் கட்டாது, ஷிப்ட் முழுக்க எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். எங்களுக்குச் சனியனான அந்தப் பிசினைத்தான் மருந்துக் கம்பெனிக்காரர்கள் சுத்தம் செய்து இரும்புக்குச் சட்டையாகப் போட்டிருந்தார்கள்.

இரும்பை வெறுமனே ரத்தத்தில் விட்டால் அது விஷம். அதனால் இரும்புத் துருவை, நம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகளாக ஆக்கி, ஒவ்வொரு துகளின் மேலும் இந்தப் பிசினைப் பூசிவிடுகிறார்கள். பூசிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டுவதில்லை. அடியில் படியாமல் தண்ணீரில் கலந்தே நிற்கும். ரத்தத்தில் போனதும் இரும்பு ஒரேயடியாக வெளியே வந்து சுடாது. ஈரலும் மண்ணீரலும் அந்தச் சட்டையை மெதுவாக உரித்து, உள்ளே இருப்பதை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். யோசித்தவனின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்துப்போயிற்று. சாப்பிடும்போது இருவருக்கும் சொன்னேன்.

"அப்ப சீரக மிட்டாய்தான் நைனா. உள்ள சீரகம், மேல சர்க்கரை" என்றாள் மகள்.

"ஆங், அதேதான்."

"மிட்டாய்னா வாயில போட்டுக்கலாமில்ல? அதுக்கு எதுக்கு ஊசி?" என்றாள் என் மனைவி.

"வாயில போட்டாதான் நான் கக்கிகினு இருக்கறேனேம்மா. உன் சேலைலயே எத்தன தடவ."

மூவரும் சிரித்தோம். அந்தத் தாளில் நான் பென்சிலால் கோடு போட்டுவைத்த இரண்டு வரிகளை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே முதலில் துளி மருந்தை மட்டும் கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்த பிறகே மீதியைக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு வரி. அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பயந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. நான் பயப்படாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். டாக்டரம்மா இருக்கிறார், துளி மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆடி மாதம், அதிலும் வெள்ளி. காவடிக்காரர்களும் மொட்டை போட்டவர்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ரிக்ஷா நகரவில்லை. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி ஒன்று சாவகாசமாகப் போனது. நர்சிங் ஹோம் படியேறும்போது பத்து ஆகிவிட்டது. டாக்டரம்மா இல்லை. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுப் பிரசவம் சிக்கலாகிக் கூப்பிட்டனுப்பினார்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று சிஸ்டர் சொன்னார். முப்பது வயதுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சீட்டில் எழுதியிருந்தபடி பத்து மணி பத்து நிமிடத்துக்குத் துளி மருந்தை மட்டும் போட்டார்.

"பதினொண்ணு பத்துக்கு பாட்டில் போடலாம் சார். அதுக்குள்ள டாக்டரும் வந்துடுவாங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவே மாட்டாள். எங்களுக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்து தங்காமல் போயிற்று. வலி எடுத்த அன்று, ராகு காலம் முடியட்டும் என்று அவள் கெஞ்சியும், படித்த திமிரில், அதெல்லாம் பார்த்தால் ஆகுமா என்று வண்டியை வரவழைத்து ஏற்றிக்கொண்டு போனவன் நான். குழந்தை போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்போம். சொல்லாததால் அது எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. பதினொன்று பத்து என்பது ராகு காலத்தின் நடு மத்தி. என் மகள் விஷயத்தில் இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

"பத்தரைக்கு முன்னாடி ஆரம்பிச்சிடலாமே சிஸ்டர்" என்றேன்.

"ஊசி போட்டாச்சே சார். அதுவே ஆரம்பம்தானே?"

"அது சோதிக்கறது. மருந்து இல்லியே."

"டாக்டர் ஒரு மணி நேரம் எழுதியிருக்காங்க."

"சிஸ்டர், நான் கெமிஸ்ட். இந்த மருந்து என்னன்னு எனக்குத் தெரியும். மேல இருக்கறது சர்க்கரைப் பிசின், உள்ள இருக்கறது இரும்பு. ஒத்துக்காதுன்னா ஊசி போட்ட அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சிருக்கும். பாருங்க, நல்லாத்தான இருக்கறா."

மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். "நான் நல்லாத்தான் கீறேன் சிஸ்டர். நைனா இப்பிடிதான். கரும்ப கண்டாலே பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவாரு" என்றாள்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். கெமிஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டு என்னை மருந்து தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. பாட்டிலைத் தொங்கவிட்டு, ஊசியைச் சேர்த்து, திருகைத் திறந்தார். பத்து இருபத்திரண்டு. என் மனைவி கண்ணை மூடி மலைப் பக்கம் கும்பிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நான்கு நிமிடம் ஆகியிருக்கும். மகள் உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தாள். பிறகு காதைத் தொட்டாள்.

"நைனா, காது சுடுது."

கொசு கடித்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கழுத்தில் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்புத் திட்டு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. இருமினாள். காய்ந்த, சின்ன இருமல். எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"நெஞ்சு மேல யாரோ குந்திகினு கீற மாதிரி இருக்குது..."

சிஸ்டர் பாய்ந்து வந்து திருகை மூடினார். குழாயைக் கழற்றினார். மகளை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துக் காலுக்கடியில் இரண்டு தலையணையைத் தள்ளினார். ஓடிப்போய் ஒரு ஊசி, இன்னொரு ஊசி என்று நிரப்பிக்கொண்டுவந்து போட்டார். அலர்ஜிக்கு என்றார். மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துவந்து முகமூடியை வைத்தார். எல்லாம் வேகமாகத்தான் செய்தார். ஆனால் மகளின் உதடு வீங்கிக்கொண்டே வந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டது. என் மகளின் முகம் அது என்று என் கண் ஒத்துக்கொள்ளவில்லை.

சிஸ்டர் படிக்கட்டில் எட்டிப் பார்த்துக் கத்தினார். கீழே மருந்து கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் வந்தார். வழுக்கைத் தலை, அறுபதை நெருங்கியவர்.

"டாக்டரம்மாவ ஒடனே கூட்டிகினு வாங்கண்ணா. ரியாக்ஷன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வாணாம்."

அவர் சைக்கிளைத் திருப்பும் சத்தம் கேட்டது. உடனே அவர் மணியடிக்கும் சத்தமும், வழி விடச் சொல்லிக் கூவும் சத்தமும், அதையெல்லாம் மூடிக்கொண்டு தெருவில் போன பம்பைச் சத்தமும் கேட்டன. இந்தக் கூட்டத்தில் எப்போது போய், எப்போது வருவது?

என் மனைவி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நேத்தெல்லாம் படிச்சீங்களே. இந்த மாதிரி ஆவும்னு அதுல போட்டிருக்குதா?"

சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளை எடுத்துப் பென்சில் கோட்டைக் காட்டி அந்த இரண்டு வரியையும் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. மகளின் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். சில்லென்று இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்ரினலின்.

"சிஸ்டர், அட்ரினலின் இருக்குதா?"

"இருக்கு."

தட்டில் பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. விரல் நீளம்கூட இல்லை.

"போடுங்க. தாள்ல போட்டிருக்குது, இதைத்தான் போடணும்னு."

"வயித்துல ஏழு மாசக் கொழந்த சார். டாக்டர் சொல்லாம நான் அதைப் போட மாட்டேன்."

"சிஸ்டர், மூச்சு விட முடியல அவளால. பாருங்க. எனக்குத் தெரியும், நான்..."

"தெரியாது சார் உங்களுக்கு." அவர் குரல் உடைந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு தடவ நீங்க சொன்னீங்கன்னு தொறந்தேன். மறுபடி உங்க பேச்சக் கேட்டு நான் எதுவும் செய்ய மாட்டேன்."

பொய் சொல்லி ஒரு விதியை மீற வைத்தேன். இப்போது வாயில் வருவது உண்மை, அதை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. குப்பியை நானே எடுத்து உடைத்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். எவ்வளவு போடுவது? எங்கே போடுவது? கரும்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று பிரிக்ஸ் பார்க்கத் தெரிந்த கைக்கு அது தெரியாது. கூடிப்போனால் நானே இரண்டு பேரையும் கொன்றவனாவேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் புத்தி எங்கெங்கோ ஓடியது. உள்ளே போனது இரும்பு, ஆனால் உடம்பு சண்டை போடுவது மேலே பூசிய பிசினோடு. அவள் உடம்புக்கு அந்தப் பிசின் ஏற்கெனவே பழக்கப்பட்ட எதிரியாக இருந்திருக்குமோ? பத்து வயதில் இருந்து நான் கொண்டுவரும் கரும்பைக் கடித்து வளர்ந்தவள். சாறு தெறித்துக் காய்ந்த என் சட்டையைத் துவைத்தவள். வேறு வேலை பார்ப்பவனின் மகளாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ? இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. ஆனால் பயத்துக்கு ஆதாரம் எதற்கு.

மகள் முகமூடியை ஒதுக்கினாள். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"நைனா... புள்ள... அசையல."

"பேசாதம்மா. பேசாத."

"காலைலருந்து... ஒதைச்சிகினே இருந்தது. இப்ப இல்ல."

என் மனைவி பாதத்தை விட்டுவிட்டு வயிற்றில் கைவைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அவள் முகத்தில் எதையாவது படித்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் கையை எடுக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

சிஸ்டர் பட்டையை அழுத்தி, கேட்டு, எண்ணை வாய்க்குள் முணுமுணுத்தார். மறுபடி அழுத்தினார். எண் குறைந்துகொண்டு போகிறது என்பது அவர் சொல்லாமலேயே தெரிந்தது. மகளின் மூச்சை எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றுவிடும். நாற்பது வரை எண்ணி, தப்பாக எண்ணிவிட்டோம் என்று ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டே இருக்கும்வரை அவள் இருப்பாள் என்று ஏதோ ஒரு நினைப்பு. ராகு காலம் பிறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. இருந்த ராகு காலம் முழுவதையும் கட்டிலில் இறக்கிவைத்தவனே நான்தான்.

சிஸ்டர் இரண்டு தடவை தட்டில் இருந்த குப்பியைக் கையில் எடுத்தார். இரண்டு தடவையும் கீழே வைத்தார். மூன்றாவது தடவை எடுத்து அதன் கழுத்தை உடைத்தேவிட்டார். ஊசியில் மருந்தை இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அந்தப் பெண்ணை அந்த நிலையில் நிறுத்தியதற்கு நான் என்ன பரிகாரம் செய்தாலும் தீராது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா வந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, யார் காவடியிலிருந்தோ உதிர்ந்த பூ ஒன்று தோளில் ஒட்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே அந்த வீட்டுப் பிரசவத்தின் ரத்தம் இன்னும் காயவில்லை. வந்த கார் ஜனக்கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் பாதி வழி நடந்தும் ஓடியும் வந்திருக்கிறார். கம்பவுண்டர் பின்னால் பையோடு மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா கட்டிலுக்கு வரும்போதே கையை நீட்டினார். சிஸ்டர் ஊசியைக் கொடுத்தார். அளவை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் வெளியே தள்ளி, புடவையோடு சேர்த்தே தொடையில் குத்தினார். இன்னொரு வெறும் சலைன் பாட்டிலைப் போடச் சொன்னார். வேகமாக ஓடட்டும் என்றார். நாடியைப் பிடித்தபடி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று நிமிடமோ நான்கோ. அந்தச் சீழ்க்கைச் சத்தம் கொஞ்சம் தடித்தது. பிறகு தளர்ந்தது. மகள் ஒரு முழு மூச்சை இழுத்தாள். விட்டாள். இன்னொன்று. உடனே வாந்தி எடுத்தாள், என் மனைவியின் சேலையில். என் மனைவி சேலையைப் பார்க்கவில்லை, "எடு, நல்லா எடு கண்ணு" என்றாள்.

டாக்டரம்மா மரக்குழல் ஒன்றை எடுத்து மகளின் வயிற்றில் வைத்துக் காதை அழுத்தினார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். தெருவில் பம்பை அடிக்க, எரிச்சலோடு கையை ஆட்டினார். கம்பவுண்டர் ஜன்னலைச் சாத்தினார். மூன்றாவது இடத்தில் டாக்டரம்மாவின் தலை அசையாமல் நின்றது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்க வாங்க" என்றார்.

குனிந்தேன். முதலில் என் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்குள், வெகு தூரத்தில், யாரோ அவசரம் அவசரமாகப் படியேறிக்கொண்டிருப்பது போல ஒரு துடிப்பு. நிற்கவே இல்லை. நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இறங்கினாள். அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

டாக்டரம்மா கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே பாட்டிலைப் பார்த்தார். அதில் கால் அங்குலம்கூடக் குறையவில்லை. கேஸ் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"டெஸ்ட் பத்து பத்துக்குப் போட்டிருக்குது. பாட்டில எப்ப தொறந்தே?"

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே நின்றிருப்பார், எனக்கு நிச்சயம்.

"பத்து இருபத்திரண்டு" என்றேன். "அவங்க முடியாதுன்னு சொன்னாங்க. நான் கெமிஸ்ட்டு, எனக்கு இந்த மருந்து தெரியும்னு சொல்லித் தொறக்க வெச்சேன். பத்தரைக்கு ராகு காலம். நான் கெமிஸ்ட்டுதான், ஆனா சர்க்கரை ஆலையில. அத அவங்களுக்குச் சொல்லல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டையும் சிஸ்டரையும் பார்த்தார், மகளின் பக்கம் ஒரு தடவை திரும்பினார், பிறகு நோட்டை என் மடியில் வைத்தார்.

"இரும்பு ஒண்ணும் செய்யல சார். மேல பூசியிருக்கறத இவ ஒடம்பு ஏத்துக்கல. ஏன்னு என்னைக் கேட்டா எனக்கும் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கயே இருக்கறேன், சில பேருக்கு இந்த ரியாக்ஷன் மறுபடி திரும்பும். அதுக்கப்புறம் ரத்தம் ஏத்தறதப் பத்திப் பேசலாம். இந்த மருந்து இவளுக்கு ஆயுசுக்கும் கூடாது. நான் இல்லாத ஊருக்குப் போவா, வேற டாக்டர் பார்ப்பாங்க, அவங்களுக்குத் தெரியணும். இந்த நோட்டுல நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க, எத்தன மணிக்கு இன்னா ஆச்சுன்னு. யார் தொறக்கச் சொன்னதுன்னும் எழுதுங்க. பேனா இருக்குதா?"